சமத்து மருந்து

எங்கள் குழந்தைகள் காப்பகத்தின் டீச்சரை எல்லாரும் மூடி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டில் மூடி, எண்ணெய்க் கேன் மூடி, பற்பசை மூடி என்று எங்கே எது கிடந்தாலும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வார். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவரும் பாக்கெட் நிறைய மூடி கொண்டுவந்து தருவார். அதில் கிரீஸ் வாடை அடிக்கும். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். கழுவுவது நான். நான் அங்கே ஆயா.

"இவ்வளவு மூடி வெச்சிருக்கீங்களே டீச்சர், எங்க வீட்டுல இருக்கறவன் வாய்க்கும் ஒண்ணு போட்டு அனுப்பக் கூடாதா?" என்று ஒரு பையனின் அப்பா ஒருநாள் வாசலில் நின்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

டீச்சர் முதலில் துணி கம்பெனியில் இருந்தவர். சட்டை தைத்து முடிந்து வரும்போது, காலர் கோணலா, பட்டன் ஆடுகிறதா, நூல் பிசிறு தொங்குகிறதா என்று பார்க்கிற மேஜையில் பதினோரு வருஷம் நின்றார். நின்று நின்று கால் இரண்டும் வீங்கிப் போயின. அப்புறம் ஒரு வருஷம் பயிற்சி எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் வந்தார். கால் போனாலும் கண் போகவில்லை. மூடியைக் கையில் வாங்கியதும் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். டிஷ்யூ ரோல் தீர்ந்த பிறகு மிஞ்சுமே அட்டைக் குழாய், அதற்குள் போட்டுப் பார்ப்பார். குழாய்க்குள் விழுகிற மூடி குப்பைக்குப் போகும்.

"இதுல போறது பிள்ளை தொண்டையிலயும் போகும் ஆயாம்மா" என்பார்.

எங்கள் இடம் முன்னே அச்சாபீஸாக இருந்தது. சுவரில் இன்னும் மை வாடை இருக்கிறது. ஒரு கூடம், ஒரு சின்ன அறை, பின்னால் குழாயடி. கூடத்தில் ஒரு பக்கம் மணல் தொட்டி, ஒரு பக்கம் மரக்கட்டைகள், ஜன்னலோரம் பொம்மை மூலை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். காலையிலிருந்து மாலைவரை விளையாட்டுதான். "எழுத்து எப்போ சொல்லித் தருவீங்க?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. "மணல்ல கை வலுவாகட்டும். பேனா தானா பிடிக்கும்" என்று டீச்சர் சொல்வார். காப்பகத்தை நடத்துகிற மேடம் மட்டும், "சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது டீச்சர், சந்தைக்கடை மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்துக்கொண்டு போவார்.

டீச்சருக்கு ஒரு முறை உண்டு. பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தை வெளியே நின்று நிறுத்த மாட்டார். தானும் உள்ளே போய்விடுவார். ஒருநாள் ஒரு பையன் நாற்காலியைப் பஸ் என்று சொல்லி எல்லார் மேலும் இடித்துக்கொண்டு வந்தான். நானாக இருந்தால் அதட்டியிருப்பேன். டீச்சர் வயிற்றுக்குள் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு குறுக்கே போய்க் கை நீட்டினார். "டிரைவர் சார், பார்த்து ஓட்டுங்க. மாசமா இருக்கேன்." பையன் உடனே பிரேக் போட்டு, "மெதுவா ஏறுங்கம்மா" என்றான். அன்று முழுக்க அவன் ஒருத்தரையும் இடிக்கவில்லை.

இன்னொன்று, நோட்டு. எந்தப் பிள்ளை என்ன விளையாடியது, என்ன சொன்னது என்று அன்றன்றைக்கு எழுதுவார். பிள்ளை சொன்னதை அப்படியே, மழலை மாறாமல் எழுதி, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை போடுவார். பொறுமை, துணிச்சல், பயம் என்று ஏதாவது ஒன்று. இந்த நோட்டில்தான் தப்பு நடந்தது.

எங்களிடம் நாலு வயதில் ஒரு பெண்குழந்தை இருக்கிறாள். வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். அப்படி ஒரு சேட்டை. அவளுடைய அம்மா சலவைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறார். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். அப்பா வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வாலுக்கு எட்டு மாதத்தில் ஒரு தம்பி. எங்களிடம் இரண்டு வயது முடிந்தால்தான் சேர்ப்போம். அதனால் தம்பியை காப்பகத்துத் தெருவிலேயே மாடி வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவிடம் விட்டுப் போவார்கள். மாடி அக்கா என்று சொல்வோம். வீட்டிலேயே ஐந்தாறு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அதுவரை வாலும் அங்கேதான் இருப்பாள். அவர்தான் காலை ஒன்பது மணிக்கு அவளைக் கொண்டுவந்து எங்களிடம் விடுவார். வாலின் அம்மாவுக்கு மாடி அக்காவைச் சொல்லிவிட்டதே நான்தான். "அந்த வீட்டுல பிள்ளை அழுது நான் கேட்டதே இல்ல, அவ்வளவு நல்லாப் பார்த்துக்கறாங்க" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

மழை விட்ட ஒரு வாரத்தில் வாலு பொம்மை மூலையில் ஒரு புது ஆட்டம் ஆரம்பித்தாள். பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு மூடியை அதன் வாயில் சாய்ப்பாள்.

"என்ன குடுக்கறே?" என்று நான் கேட்டேன்.

"சமத்து மருந்து."

"அது எதுக்குடி?"

"பாப்பா அழுதுல்ல. இது குடிச்சா சமத்தா இருக்கும்."

நான் சிரித்துக்கொண்டே போய் டீச்சரிடம் சொன்னேன். "இந்த மருந்த மொதல்ல இவளுக்குத்தான் குடுக்கணும் டீச்சர்." டீச்சரும் சிரித்துவிட்டு நோட்டில் எழுதினார். வாலு பொம்மைக்கு மருந்து தருகிறாள், மூக்கைத் துடைத்துவிடுகிறாள், போர்த்திவிடுகிறாள். கடைசி வார்த்தை: அக்கறை.

அடுத்த வாரம் ஒரு பொம்மை நாலு பொம்மையானது. நாலையும் சுவரோரம் வரிசையாகப் படுக்க வைத்தாள். கழுத்துவரை துணி போர்த்தினாள். போர்த்தின பிறகு அவற்றோடு விளையாடுவதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து காகிதத்தை மடித்து மடித்து அடுக்குவாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வாலு மூடியோடு வருவாள், இவர்கள் வாயைத் திறந்து குடிப்பதுபோல் செய்துவிட்டுச் சுவரோரம் படுத்துக்கொள்வார்கள். மூன்று வயதுப் பையன் ஒருவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆயா, நான் சமத்து, நான் சமத்து" என்றான்.

"சமத்து பேசாது" என்றாள் வாலு. அவன் வாயை மூடிக்கொண்டான்.

விளையாட்டு நேரத்தில் எங்கள் கூடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மணல் தொட்டியில் யாரும் இல்லை. குழாயடியில் தண்ணீர் சொட்டுவது உள்ளே கேட்டது. மேடம் எட்டிப் பார்த்து, "இன்னைக்குத்தான் ஸ்கூல் மாதிரி இருக்கு" என்றார். டீச்சர் பேனாவைக் கடித்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் எழுதினார்: எல்லாரையும் சேர்த்து ஆட்டம் நடத்துகிறாள். தலைமை.

அன்று ஐந்து மணிக்கு வாலின் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று. பெரியவர்கள் நாங்களே திடுக்கிட்டோம். குழந்தை அசையவில்லை. கை இரண்டும் துவைத்துப் போட்ட துணிபோல் தொங்கின.

"நாள் பூரா தூங்கிட்டு இன்னும் தூங்கறான் பாருங்க ஆயாம்மா. இவ அழுத அழுகைக்கு இவன் அவ்வளவு சமத்து" என்றார் அந்த அம்மா. முகத்தில் பெருமை. வேலை செய்து ஓய்ந்த கையால் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"திருஷ்டி பட்டுடப் போகுது, அப்படிச் சொல்லாதம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, நானும் டீச்சரும் குழாயடியில் உட்கார்ந்து மூடிகளைக் கழுவினோம். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைப்பது வழக்கம். நான் தேய்த்துத் தர, டீச்சர் அலசித் துணியில் பரப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கை நின்றது.

"இது யார் போட்டது?"

கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி. மூடி என்பதைவிடக் குட்டிக் கிண்ணம் என்று சொல்லலாம். கண்ணாடிபோல் இருந்தது. பக்கவாட்டில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. அடியில் சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஏதாவது மருந்து பாட்டில் மூடியா இருக்கும் டீச்சர். நீங்க கொண்டாந்ததுதானே."

"மருந்து மூடி நான் எடுக்கவே மாட்டேன் ஆயாம்மா. இது என் மூடி இல்ல."

அந்தப் பெட்டியில் முந்நூறு மூடிக்குமேல் இருக்கும். டீச்சருக்கு ஒவ்வொன்றும் தெரியும். அதை முகர்ந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். மிட்டாய்போல் இனிப்பு வாடை. அதற்கடியில் ஒரு கசப்பு.

ஈரக் கையோடு உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். பின்னாலிருந்து முன்னால் புரட்டிப் படித்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கறை. அக்கறை. தலைமை. பொறுமை. மூன்று வாரமும் அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

"நான் நூல் பிசிறக்கூட விடமாட்டேன்னு சொல்வாங்க" என்றார் மெதுவாக. "பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன் ஆயாம்மா."

"இல்லாததையெல்லாம் நினைக்காதீங்க. சளி மருந்தா இருக்கும். பிள்ளை எங்கயாவது பொறுக்கியிருக்கும்."

"இருக்கலாம்" என்றார். வாலின் அம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனோம், பூட்டியிருந்தது. வார விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்படியானால் இரண்டு நாள் தம்பி அம்மாவிடம்தான் இருப்பான் என்று கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த இரண்டு நாளும் போனை யாரும் எடுக்கவில்லை. நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கள் நினைப்பு பொய்யாகட்டும் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை ஊரிலிருந்து வந்து இறங்கிய வாலின் அம்மா, நாங்கள் பார்ப்பதற்குள் பிள்ளைகளை மாடி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு மாடி அக்கா வழக்கம்போல் வாலைக் கேட்டுக்குள் தள்ளிவிட்டு அவசரமாகப் போனார். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. வாலு நேராகப் பொம்மை மூலைக்குப் போனாள். பெட்டியைக் கிளறினாள். தேடியது கிடைக்கவில்லை.

டீச்சர் போய்ச் சுவரோரம், பொம்மைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது உடம்பு, வீங்கின கால். முழங்காலை மடித்துக் கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு, "ங்ஆ" என்று அழுதார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

வாலு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "ஷ். அழாத. மருந்து தரேன்."

டீச்சர் மறைத்து வைத்திருந்த கோடு போட்ட மூடியை நீட்டினார். வாலின் முகம் மலர்ந்தது. "இதான் மருந்து மூடி. மாடி அக்கா தூக்கிப் போட்டாங்க. நான் எடுத்துட்டு வந்தேன்."

"எனக்கு எவ்வளவு?"

விரலால் ஒரு கோட்டைக் காட்டினாள். "இவ்ளோ."

டீச்சர் குடித்தார். "தூக்கம் வரலையே அம்மா."

"அப்ப இன்னொரு மூடி."

"இன்னொண்ணு வேணாமே. நான் எழுந்திரிக்கலன்னா?"

"எழுந்திரிக்கக் கூடாது. தம்பி எழுந்திரிக்க மாட்டான். நான் கிள்ளிப் பார்த்தேன். அழவே இல்ல. சமத்து."

டீச்சரின் கட்டை விரல் வாயிலிருந்து இறங்கியது. குரல் மட்டும் குழந்தைக் குரலாகவே இருந்தது. "தம்பி இன்னைக்குக் குடிச்சானா?"

"ரெண்டு மூடி. ஊர்லேந்து வந்து ஒரே அழுகை. பல்லு வருதாம். துப்பினான், அக்கா மூக்கப் பிடிச்சுத் திரும்ப ஒண்ணு குடுத்தாங்க."

துடைப்பம் என் கையிலிருந்து விழுந்தது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கண்ணை மூடினார். வாலு துணியை இழுத்து அவர் கழுத்துவரை போர்த்தினாள், நெற்றியைத் தட்டினாள், எழுந்து போய்க் காகிதம் மடிக்க உட்கார்ந்தாள். அவள் திரும்பி உட்காரும்வரை டீச்சர் அசையவில்லை. அதன் பிறகு எழுந்தார். செருப்புப் போடவில்லை. மேடத்தைப் பிள்ளைகளோடு இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் ஓடினோம்.

மாடி வீட்டுக்கு வெளிப்பக்கமாகக் குறுகலான படி. ஐந்து குழந்தைகள் இருக்கிற வீடு. படியேறும்போது எங்கள் மூச்சைத் தவிர ஒரு சத்தம் இல்லை. கதவு சாத்தியிருந்தது. தள்ளினோம்.

சுவரோரம் வரிசையாக ஐந்து குழந்தைகள். கழுத்துவரை துணி. மாடி அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏதோ கம்பெனிக்கு அட்டைப் பெட்டி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த அறைக்கு அன்றுதான் முதல்தடவை வருகிறேன். ஆனால் மூன்று வாரமாக அதைப் பார்த்திருக்கிறேன்.

"என்ன டீச்சர் இந்த நேரத்துல? மெதுவாப் பேசுங்க, இப்பதான் கண் அசந்துச்சுங்க."

டீச்சர் நேராகத் தம்பியிடம் போய்த் துணியை விலக்கினார். அவன் உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடி சுண்டினார். உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு வந்தது. வந்து நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன். நான்கு, ஐந்து, ஆறு. மறுபடி வந்தது.

"எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

"எதை?"

"எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

மாடி அக்காவின் கையில் பாதி மடித்த பெட்டி இருந்தது. "ஏழரை இருக்கும். சளி மருந்துதான் டீச்சர். கடையில எல்லாருக்கும் தரதுதான். ஒத்தை ஆளா அஞ்சையும் எப்படிப் பார்க்கறது? கீழ் வீட்டுக்காரர் சத்தம் வந்தா காலி பண்ணுன்றார். எனக்கும் பிள்ளைங்க மேல பாசம் இல்லாமயா..." பேச்சு நின்றுவிட்டது. அவரும் தம்பியின் உதட்டைப் பார்த்துவிட்டார். பெட்டியைக் கீழே வைக்காமலேயே அழ ஆரம்பித்தார்.

டீச்சர் பாட்டிலைக் கேட்டு வாங்கினார், தம்பியைத் தூக்கினார். மற்ற நாலையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். மூன்று சிணுங்கின, ஒன்று கண்ணைத் திறந்து பார்த்தது. என்னை அங்கேயே நிறுத்தி, "ஒண்ணையும் தூங்க விடாதீங்க ஆயாம்மா. அழ வைங்க" என்றார். அந்த நாலையும் நான் கிள்ளி அழ வைத்தேன். என் வாழ்நாளில் பிள்ளைகளை அழ வைத்தது அன்றைக்கு மட்டும்தான். ஆம்புலன்ஸ் வந்து அவர்களையும் ஏற்றும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்தது டீச்சர் சொல்லித் தெரியும். ஆட்டோவில் வழி முழுக்க அவன் காதில் பேசிக்கொண்டே போயிருக்கிறார். நர்ஸ் "என்ன மருந்து, எவ்வளவு?" என்று கேட்டபோது பாட்டிலையும், இடது கை உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த மூடியையும் நீட்டி, வாலு காட்டின கோட்டைக் காட்டியிருக்கிறார். "இது வரைக்கும். ரெண்டு தடவை. ஒண்ணுல கொஞ்சம் துப்பியிருக்கான்." டாக்டர் அதை வைத்துத்தான் வைத்தியம் பார்த்தாராம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று நர்ஸ் சொல்ல ஆரம்பித்து, வாலின் அம்மா இஸ்திரி வாடையோடு ஓடி வருவதைப் பார்த்து நிறுத்திவிட்டாராம்.

தம்பி பிழைத்தான். மூன்றாம் நாள் அழுதான். வார்டு முழுக்க அதிர்கிற அழுகை. அவன் அம்மா பழக்கத்தில், "என் சமத்துல்ல..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, முந்தானையைக் கடித்துக்கொண்டார்.

"அழட்டும்மா" என்றார் டீச்சர். "இன்னைக்கு நாள் பூரா அழட்டும்."

மாடி அக்காவை விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். இரண்டு தாய்மார் எங்கள் வாசலில் வந்து டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இன்னொருத்தி, "நல்லது பண்ணீங்க டீச்சர், நாளைக்கு வேலைக்குப் போறப்ப என் பிள்ளையை யார் தலையில கட்டறது, அதையும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அடுத்த தெருவில் வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகக் கேள்வி. அங்கே எல்லாம் பிள்ளைகள் ரொம்ப சமத்து என்கிறார்கள்.

நோட்டில் அந்த மூன்று வாரத்துப் பக்கங்களை டீச்சர் கிழிக்கவில்லை. கடைசி வார்த்தைகளை மட்டும் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் வேறு வார்த்தை எழுதவில்லை. இப்போது யாரைப் பற்றி எழுதினாலும் கடைசி இடத்தைக் காலியாகவே விடுகிறார்.

வாலு அந்த ஆட்டத்தை விட்டுவிட்டாள். பொம்மைகளைத் தூக்கி ஆட்டி அழ வைக்கிறாள். கூடம் பழையபடி சந்தைக்கடை ஆனது. மேடம் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை குழாயடியில் மூடி கழுவினோம். நான் பாதிப் பெட்டியைத் தேய்த்து முடித்திருந்தேன். அலசிக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"ஆயாம்மா."

அவர் கையில் ஒரு மூடி. இது வெள்ளை. பக்கத்தில் கோடு கோடாக அளவு.

வாலு அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் வரவேயில்லை. டீச்சர் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார்.

"இந்த வாரம் பொம்மை மூலையில யார் யார் விளையாடினாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாக நினைத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.